வாயிலும் வழிகாட்டலும்
அஞ்சல்வழிக் கல்வி முதல் இணையவழிக் கல்வி வரை

கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளிகளும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தோன்றிய ஆண்டுகளையே வரிசைப்படுத்திக் காட்டுவது வழக்கம். எந்த ஆண்டில் எந்த வாயில் திறந்தது என்பதை அவ்வரிசை நமக்குச் சொல்லும். திறந்த வாயிலின் வழியே உள்ளே சென்றவர் எத்தனை பேர், சென்றவருள் முடித்து வெளிவந்தவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் ஏன் நின்றனர் என்பனவற்றை அது சொல்வதில்லை. ஒடுக்கப்பட்ட மக்களாகிய நமக்கு இந்த இரண்டாவது வரலாறே இன்றியமையாதது.

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தாயில்பட்டியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒரு புதிய வாயில் திறந்து கிடக்கிறது. கையில் ஒரு தொலைபேசி இருந்தால், வெம்பக்கோட்டை வட்டத்தை விட்டு நகராமலே பட்டப்படிப்பில் சேரலாம் என்னும் நிலை வந்துவிட்டது. பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் சென்றுகொண்டே இணையவழிக் கல்லூரியில் சேரும் தம்பியரும், திருமணத்திற்குப் பின் விட்ட படிப்பை மீண்டும் தொடங்கும் தங்கையரும் நம்மிடையே தோன்றியுள்ளனர். அவர்கள் சேர்ந்தால் மட்டும் போதாது; முடிக்க வேண்டும். அதற்கு வரலாறு தரும் பாடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட முறை

பள்ளிக்கூடத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கியோரும் உண்டு. பள்ளிக்கு வருகின்ற பிள்ளை அங்கே தங்கிப் படிப்பதற்கு வேண்டிய துணையையும் சேர்த்துக் கட்டியோரும் உண்டு. நம் சமுதாயத்தின் கல்வியை வளர்த்தவர்கள் இரண்டாம் வகையினர்.

1894ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் என அந்நாளில் அழைக்கப்பட்டோர்க்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907 முதல் தம் இதழின் வாயிலாக அறிவுப் பசியை ஊட்டினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஊரை விட்டு வந்த பிள்ளைக்குப் பாடத்தோடு உணவும் உறைவிடமும் ஒழுங்கும் கிடைத்தாலன்றிப் படிப்பு நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அண்ணல் அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவியபோது, அச்சபை முதலில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று 1925இல் சோலாப்பூரில் திறக்கப்பட்ட மாணவர் விடுதியாகும். கல்லூரி பிற்பாடு வந்தது. மக்கள் கல்விக் கழகம் 1945இலும், பம்பாய் சித்தார்த்தர் கல்லூரி 1946இலும் தோன்றின. விடுதி முன்னும் கல்லூரி பின்னுமாக அமைந்த இவ்வரிசை நாம் கருதிப் பார்க்கத் தக்கது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காதவற்றைப் பெறுவதற்கு ஓர் இடம் வேண்டும். எப்போது எழுவது, எப்படிப் படிப்பது, யாரிடம் கேட்பது, தேர்வுக் கட்டணத்தை எந்த நாளுக்குள் செலுத்துவது என்பன போன்றவற்றை அவன் விடுதியிலேதான் கற்றான்.

சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் 1920 முதல் தாழ்த்தப்பட்டோர்க்கெனப் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தத் தொடங்கியது. நம் பாட்டனார் 'லேபர் பள்ளி' எனக் கூறியது இதனையே. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அதன் வழித்தோன்றல்கள். பள்ளிப் படிப்பை முடித்தோர் மேலே பயில, மெட்ரிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் ஏற்படுத்தப்பட்டது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் மதிய உணவுத் திட்டம் மலர்ந்தது. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, அதன் பின் பாடம் என்பதே அத்திட்டத்தின் கருத்து.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கல்வி நிலையம் என்பது வாயில். விடுதியும் உணவும் உதவித்தொகையும் வழிகாட்டலும் அவ்வாயிலுக்கு ஏறும் படிகள். படியில்லாத வாயில் உயரமான வீட்டினர்க்கே பயன்படும்.

கந்தக பூமியில் நாம் கண்டது

இவ்வுண்மையைப் பிற ஊர்களில் தேட வேண்டுவதில்லை. நம் மண்ணிலேயே கண்டோம். வானம் பார்த்த இக்கரிசல் நிலத்தில், 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் பெருகின. உழவு பொய்த்த காலத்தில் இத்தொழில் நம் வீடுகளில் உலை ஏற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், விடியுமுன் வந்த ஆலைப் பேருந்துகளில் தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏற்றப்பட்டதும், பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் அவர்தம் விரல்கள் தேய்ந்ததும் இத்தொழிலின் வரலாற்றில் அழியாத பக்கங்களாகும்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைகள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. இடர்மிகுந்த தொழிலில் குழந்தையை ஈடுபடுத்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தைக்குக் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஆலையிலிருந்து மீட்கப்பட்ட பத்து வயதுப் பிள்ளையை நேரே ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் அமர்த்தினால் என்ன நேரும்? தன்னிலும் இளைய பிள்ளைகள் படிப்பதைத் தன்னால் படிக்க இயலவில்லை என்று நாணி, ஒரு திங்களுக்குள் அவன் மீண்டும் ஆலை வாயிலில் நிற்பான். இதனை உணர்ந்தே 1988 முதல் நடைமுறைக்கு வந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் ஏற்படுத்தப்பட்டன. சிவகாசிப் பகுதி அத்திட்டத்தின் தொடக்க இடங்களுள் ஒன்று. அப்பள்ளிகள் மீட்கப்பட்ட பிள்ளைக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பித்து, உணவும் உதவித்தொகையும் தந்து, அவன் வயதிற்கேற்ற வகுப்பிற்கு அவனைத் தகுதியாக்கிய பின்னரே முறையான பள்ளிக்கு அனுப்பின. ஆலைக்கும் பள்ளிக்கும் இடையே அமைந்த பாலம் அது. இன்று நாம் பேசப் புகும் அறிமுகப் பயிற்சியும் அத்தகைய பாலமே. கரைகள் மட்டும் வேறு.

அஞ்சலில் வந்த கல்லூரி

கல்லூரிக்குச் செல்லாமலே பட்டம் பெறும் முறை புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே, எந்தக் கல்லூரியிலும் பயிலாதவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என வாயிலைத் திறந்தது. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் இப்பெருமை நம் மதுரையைச் சாரும். 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1978இல் அது காமராசர் பெயரைத் தாங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் நடந்தன. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறந்தன.

நம் பகுதியில் ஆசிரியராகவும் எழுத்தராகவும் காவலராகவும் உயர்ந்தோருள் அஞ்சல்வழியே பட்டம் பெற்றோர் பலர். அரிக்கேன் விளக்கொளியில் பாடக் கட்டுகளைப் பிரித்துப் படித்த அத்தலைமுறையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயின், அக்கட்டுகளைப் பிரிக்காமலே பரணில் போட்டவர்களையும் நாம் அறிவோம். பணம் கட்டினர், பாடங்கள் வந்தன, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை, தொடர்பு வகுப்பு நடைபெறும் நாளை யாரும் சொல்லவில்லை, தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. அவர்கள் அறிவில் குறைந்தோர் அல்லர். வழி சொல்ல ஆளில்லாமல் நின்றவர்கள்.

மதுரையில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய அதே 1971இல், இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவரைச் சேர்த்தது. முன் தகுதி எதுவும் கேட்காமல் ஆலைத் தொழிலாளரையும் இல்லத்தரசியரையும் அது வரவேற்றது. எனினும் வந்தவரை நேரே கடினமான பாடங்களுக்குள் தள்ளிவிடவில்லை. அடிப்படைப் பாடங்கள் என ஒரு முதற்கட்டத்தை வகுத்தது. பாடம் சொல்லும் ஆசிரியரோடு, படிப்பில் தளர்பவரைத் தாங்கும் ஆலோசகரையும் அமர்த்தியது. 1963இல் தோன்றிய தேசிய விரிவாக்கக் கல்லூரி என்னும் அமைப்பு, அப்பல்கலைக்கழகத்தில் சேர இருப்போர்க்கு முன்னதாகவே ஆயத்தப் பாடங்களை நடத்தியது. நம் நாட்டின் இந்திரா காந்தி பல்கலைக்கழகமும் இவ்வழியைப் பின்பற்றி, கல்வி மையங்களில் புதிய மாணவர்க்கு அறிமுகக் கூட்டமும், பாடந்தோறும் ஆலோசனை வகுப்புகளும் நடத்தும் முறையை வகுத்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதோர்க்கென ஆறு திங்கள் ஆயத்தப் படிப்பையும் அது ஏற்படுத்தியது.

தொலைவிலிருந்து கற்றோரின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் இராபன் தீவுச் சிறையில் அடைபட்டிருந்த விடுதலைப் போராளிகள் அஞ்சல்வழியே பயின்றனர். முன்னரே கற்றவர் பின்னர் வந்தவர்க்குக் கற்பித்தார். நெல்சன் மண்டேலா சிறைக் காலத்திலேயே பயின்று 1989இல் சட்டப் பட்டம் பெற்றார். கற்றவன் கல்லாதவனுக்குத் துணை நின்றால், சிறைச் சுவரும் கல்லூரிச் சுவராகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இணையம் திறந்த வாயில்

2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின் வழியே தம் பாடங்களை அனைவர்க்கும் வழங்கத் தொடங்கின. 2017 ஜூலை 9ஆம் நாள் நடுவண் அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு, திறந்தநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்குமான விதிகளை வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இவ்வழியில் தரும் பட்டம் வகுப்பறைப் பட்டத்திற்கு நிகரானது என்பதை அக்குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்தியது.

வாயில் அகன்றதே தவிர, நுழைந்தோர் அனைவரும் முடித்தாரல்லர். 2012 அளவில் அமெரிக்காவில் பெருந்திரள் இணைய வகுப்புகள் தோன்றியபோது, இனி உலகில் எவரும் கல்வியின்றி இரார் என்று கொண்டாடினர். ஆனால் அவ்வகுப்புகள் பலவற்றில், பதிவு செய்தோருள் பத்தில் ஒரு பங்கினர்கூட முடிக்கவில்லை. 2013 சனவரியில் கலிபோர்னியாவின் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகம், 'உடாசிட்டி' என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று கணக்குப் பாடங்களை இணையத்தில் நடத்தியது. ஏழை மாணவர் பலரும் அதில் சேர்க்கப்பட்டனர். சிலரிடம் கணிப்பொறியோ இணைய இணைப்போ இல்லை என்பது வகுப்புகள் தொடங்கிய பின்னரே தெரிய வந்தது. தேர்ச்சி வகுப்பறை மாணவரைவிடக் குறைந்தது. அம்முயற்சி அவ்வாண்டு ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே, தொடக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி கேட்கப்படாமையால் நேர்ந்த விளைவு இது.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று கல்லூரிகளை மூடியபோது இவ்வுண்மை நம் வீட்டு வாயிலுக்கே வந்தது. அதற்கு முன் 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களுள் கணிப்பொறி உடையவை 100க்கு 4.4, இணைய வசதி உடையவை 100க்கு 14.9 மட்டுமே. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்ததும், வேலைக்குச் சென்ற தந்தை இரவு திரும்பிய பின்னரே பாடத்தைத் திறந்ததும் நாம் கண்கூடாகக் கண்டவை. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவைத் தமிழ்நாடு அரசு கட்டணமின்றி வழங்கியது. தரவு கிடைத்தது, அதைக் கொண்டு எவ்வாறு கற்பது என்று காட்டும் ஆள் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை.

இந்நிலையில் கருதத்தக்க நல்ல முன்மாதிரி ஒன்றுண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கடினமான நுழைவுத் தேர்வு ஒன்றை முதல் நாளே வைத்துப் பலரையும் விலக்குவதற்கு மாறாக, விரும்புவோர்க்கு ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணிப்புச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்களை நான்கு வாரம் கற்பிக்கின்றனர். வாரந்தோறும் பயிற்சித் தாள் உண்டு. அவற்றில் உரிய மதிப்பெண் பெற்றோர் தகுதித் தேர்வை எழுதுவர். தேர்ந்தோர் படிப்பில் சேர்வர். பட்டியலினத்தார்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இணையவழிக் கல்வி எத்தகையது, தன்னால் இயலுமா என்பதை மாணவன் அந்நான்கு வாரத்தில் தானே அறிந்துகொள்கிறான். முதல் மாதத்தை வடிகட்டும் சல்லடையாக மட்டும் கொள்ளாமல், கற்பிக்கும் காலமாகவும் அமைத்த முறை இது.

அறிமுகப் பயிற்சி யாது?

நேரடிக் கல்லூரிகளிலும் இக்கருத்து வேரூன்றி வருகிறது. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு, புதிய மாணவர்க்கான தொடக்கப் பயிற்சிக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2022 முதல் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ்க் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. எனினும் இணையவழியே சேரும் மாணவனுக்கு வளாகமில்லை, மூத்த மாணவரில்லை, வகுப்பு மணியில்லை. ஆதலின் அவனுக்கு இப்பயிற்சி மும்மடங்கு வேண்டும். அதில் இடம்பெற வேண்டுவனவற்றை நம் இளைஞர் நினைவிற் கொள்ளுமாறு இங்கே தொகுத்துரைப்போம்.

முதலாவது, சேருமுன் விசாரித்தல். அந்நிறுவனமும் அப்பட்டமும் மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றவையா என்பதை அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்தறிதல் வேண்டும். மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம் ஆகியவற்றை இவ்வழியில் நடத்த அனுமதியில்லை. அவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று முன்பணம் கேட்கும் தரகரை வாயிலிலேயே திருப்பி அனுப்புக. 2024 முதல் மாணவர் ஒவ்வொருவரும் அப்பிரிவின் தனி அடையாள எண்ணைப் பெற்றே சேர வேண்டும். அதனைத் தாமே பதிவு செய்தல் நன்று.

இரண்டாவது, கருவியை அறிதல். தளத்தில் நுழைவது, கடவுச்சொல்லைக் காப்பது, பாடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது, எழுதிய விடைத்தாளைப் படமெடுத்து அனுப்புவது ஆகியன ஒருமுறை கைபிடித்துக் காட்டினால் எளியவை, காட்டாவிடில் மலை.

மூன்றாவது, நேரத்தை வகுத்தல். நம் ஊர் வாழ்க்கை தீபாவளியை ஒட்டிச் சுழல்வது. பண்டிகைக்கு முந்திய திங்கள்களில் ஆலையில் வேலை மிகும், உடல் சோரும். அக்காலத்தில் எந்தப் பாடம், எந்தத் தேர்வு வருகிறது என்பதைச் சேரும் நாளிலேயே நாட்காட்டியில் குறித்துக்கொண்டவன் தப்புவான். கூலி குறையுமே என அஞ்சித் தேர்வு நாளை விட்டவன் ஓராண்டை இழப்பான்.

நான்காவது, பாடமொழி. தமிழ்வழியில் பயின்றவர் ஆங்கில விரிவுரையைக் கேட்கும்போது முதல் வாரத்திலேயே மனம் தளர்வர். ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதிவைக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, உரிமைகளை அறிதல். உதவித்தொகை, கட்டணச் சலுகை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நாள்களையும் தாள்களையும் தெரிந்திருத்தல் வேண்டும். உரிய நாளில் விண்ணப்பியாததால் நாம் இழந்த தொகை, எவரும் பறித்துக்கொண்ட தொகையினும் மிகுதி.

ஆறாவது, கேட்கும் துணிவு. தெரியாததைக் கேட்பது இழிவு என்னும் எண்ணம் நூற்றாண்டுகளாக நம்மீது சுமத்தப்பட்டது. கேள்வி கேட்பது மாணவனின் உரிமை என்று அவனுக்கு யாரேனும் முதலில் சொல்ல வேண்டும். அதனைச் சொல்பவர் அவன் தெருவைச் சேர்ந்தவராய் இருந்தால் அவன் நம்புவான்.

கழகத்தின் முன்னுள்ள பணி

நந்தனார் கல்விக் கழகம் விடுதியால் செய்ததையும், சிறப்புப் பள்ளிகள் பாலமாய் நின்று செய்ததையும், இன்று நம் கழகம் ஓர் அறையாலும் சில மணி நேரத்தாலும் செய்ய இயலும். ஓர் இணைய இணைப்பு, இரண்டு மூன்று கணிப்பொறிகள், இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை எரியும் விளக்கு, ஏற்கெனவே பட்டம் பெற்ற நால்வர் ஆகியவை போதும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவர்க்கும் முன்னரே முடித்த ஒருவரைத் துணையாக ஒப்படைத்தல் வேண்டும். முதல் நான்கு வாரம் நாள்தோறும், பின்னர் வாரம் ஒருமுறை அவர் விசாரிக்க வேண்டும். இரு வாரம் பாடத்தைத் திறவாதவர் வீட்டிற்கு நேரில் செல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து பயில, உறுப்பினர் குடும்பத்துத் தாய்மார் அவ்வேளையில் உடனிருத்தல் நன்று.

உறுப்பினர் பெருமக்களே! பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் புதியவரைத் தனியே விடலாகாது என்பதை நாம் அறிவோம். எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டதன் விலையை நம் குடும்பங்கள் உயிரால் கொடுத்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் எழுந்த தீயை இப்பகுதி மறவாது. அத்தொழிலிலிருந்து நம் மக்கள் வெளியேறும் வழிகளுள் கல்வியே தலையாயது. அவ்வழியில் அடியெடுத்து வைப்போரை மட்டும் தனியே விடலாமோ?

இளைஞர்களே! உங்கள் பாட்டனார்க்குப் பள்ளி வாயில் மூடியிருந்தது. உங்கள் தந்தையர்க்கு அது திறந்தும் ஆலைப் பேருந்து முந்திக்கொண்டது. உங்களுக்கோ வாயில் கையகலத்தில் வந்து நிற்கிறது. அதனுள் நுழையுங்கள், நுழைந்த பின் முதல் மாதம் முழுவதும் கழகத்தின் படிகளை விடாதீர்கள். முடித்து வந்த நாளில், உங்களுக்குப் பின் வரும் ஒருவரின் கையைப் பற்றுங்கள். அவ்வாறு நீங்கள் பற்றும் கைகளின் எண்ணிக்கையையே, நம் கழகம் பொன் விழாக் காணும்போது அதன் வரலாறாக எழுதுவோம்.